வேரில்லாக் கொடியை வளவிலிருந்து அகற்றும் முறை

மாரி மழை ஓய்ந்து தை பிறக்கும் நாட்களில், மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைப் பக்கத்து வேலிகளில் சில இடங்களில் மஞ்சள் நூற்கண்டைப் பிரித்து எறிந்ததைப் போன்ற கொடி ஒன்று படர்ந்து கிடப்பதைக் காணலாம். இலை இல்லை. நிலத்தோடு தொடர்பும் இல்லை. செவ்வரத்தையின் கொப்பிலே தொடங்கி, அருகில் நிற்கும் குரோட்டனுக்குத் தாவி, அங்கிருந்து கத்தரிப் பாத்திக்கு இறங்கிவிடும். எங்கள் வேலியில் இதனை முதன்முதலாகக் கண்ட பக்கத்து வளவுப் பெரியம்மா, கையில் ஒரு பிடியை வைத்துக்கொண்டு, "மனே, இதுக்கு வேரக் காணல்லையே, எங்கப் புடுங்குற?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. கைக்கு வந்ததை எல்லாம் இழுத்துப் பிய்த்து, வேலியோரக் குப்பையில் போட்டுவிட்டேன். அடுத்த மாரியில் வேலியோடு குப்பை மேடும் மஞ்சளாகியிருந்தது.

பெரியம்மாவின் கேள்விக்கான விடை இதுதான்: அந்தக் கொடியின் வேர் மண்ணில் இல்லை, அது பற்றியிருக்கும் செடியின் தண்டுக்குள் இருக்கிறது. ஆகவே கொடியை மட்டும் இழுத்து எடுப்பதால் பயனில்லை. அது ஏறியிருக்கும் கொப்பையும் சேர்த்து வெட்ட மனம் வரவேண்டும். அதைச் செய்யும் முறையும், செய்யவேண்டிய காலமும், வெட்டியதை அழிக்கும் வழியும் கீழே விளக்கப்படுகின்றன.

எது எந்தக் கொடி

வெட்டுக்கத்தியை எடுப்பதற்கு முன்னர் கொடியை இனங்காண வேண்டும். நம் பகுதியில் தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்த இரண்டு ஒட்டுண்ணிக் கொடிகள் உள்ளன. அவை இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல.

முதலாவது, கஸ்குட்டா என்று பாடநூல்களில் வரும் கொடி. மூலிகை நூல்களில் இதற்கு அம்மையார் கூந்தல் என்ற அழகான பெயரும் உண்டு. இது வற்றாளையும் அடம்பனும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 200 இனங்கள் உள்ளன. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு உலகெங்கும் பரவிய ஓர் இனம், இலங்கையிலும் வேலிச் செடிகளிலும் மரக்கறிப் பயிர்களிலும் காணப்படுகின்றது. அதன் தண்டு தையல் நூலின் பருமனே இருக்கும். நிறம் வெளிர் மஞ்சள் முதல் செம்மஞ்சள் வரை மாறும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவான வெண்ணிறப் பூக்கள் கொத்தாகத் தண்டோடு ஒட்டிப் பூக்கும். பின்னர் அவ்விடத்தில் சிறிய உருண்டைக் காய்கள் திரளும். ஒவ்வொரு காயிலும் நான்கு விதைகள் வரை இருக்கும்.

இரண்டாவது, கொத்தான். கல்லடி, நாவலடி, பாசிக்குடா தொடக்கம் திருக்கோவில், பொத்துவில் வரையான கடற்கரை மணலிலே அடம்பன் கொடியின் மீதும், இராவணன் மீசையின் மீதும், தாழம் புதர்களின் மீதும் படர்வதற்கு ஏற்ற கொடி இது. இதன் குடும்பத்தைக் கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். இது கறுவாவின் உறவு. தண்டு சற்றுத் தடிப்பானது. இளந்தண்டு பச்சை கலந்தும் முதிர்ந்தது செம்மஞ்சள் அல்லது கபில நிறமாகவும் இருக்கும். விரலால் நசுக்கினால் வழுவழுப்பான சாறு ஒட்டும். காய் பயறளவுக்குத் திரண்டு, பழுக்கும்போது வெண்மையாகும். உள்ளே ஒரேயொரு விதை இருக்கும். பறவைகள் தின்று பரப்புவதும் உண்டு, கடல்நீரில் மிதந்து வந்து கரையேறுவதும் உண்டு.

பச்சை நிறம் இருப்பதும் இல்லாததும் தோட்டக்காரருக்கு முக்கியமான வேறுபாடு. கொத்தானில் பச்சையம் ஓரளவுக்கு உள்ளதால் அது தனக்கான உணவில் ஒரு பங்கைத் தானே தயாரித்துக்கொள்ளும், பல ஆண்டுகள் வாழும். அம்மையார் கூந்தலுக்கு அந்த வசதி இல்லாத குறையால், ஏறத்தாழ எல்லாவற்றையும் பிற செடியிலிருந்தே உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அதனால் பயிருக்குச் செய்யும் சேதமும் விரைவானது. மரக்கறித் தோட்டத்துக்குள் நீங்கள் காண்பது பெரும்பாலும் அம்மையார் கூந்தலாகவே இருக்கும். கடற்கரையை ஒட்டிய வளவில், தேசி மரத்திலோ மாமரத்திலோ பின்னிக் கிடப்பது கொத்தானாகவும் இருக்கலாம். அகற்றும் முறை இரண்டுக்கும் பெரிதும் ஒன்றேயாகையால், வேறுபடும் இடங்களில் மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

பெயரொற்றுமையால் வரும் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இரசம் வைக்கும் முடக்கொத்தான் வேறு. அதற்கு இலை உண்டு, மண்ணில் வேர் உண்டு, பலூன் போன்ற காய் உண்டு; அது யாரையும் உறிஞ்சுவதில்லை. மாமரக் கொப்பில் இலையோடு குத்துச் செடியாக நிற்கும் குருவிச்சையும் ஒட்டுண்ணிதான் என்றாலும் அது கொடியல்ல. அதற்கு, ஒட்டிய இடத்துக்குக் கீழே கொப்பைத் தறிப்பதே வழி.

கொடி பற்றிக்கொள்ளும் விதம்

அம்மையார் கூந்தலின் விதை ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேற்படாது. அதன் தோல் மிகக் கடினமானது. மண்ணுக்குள் பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு உறங்கக்கூடியது. ஈரம் பட்டதும் எல்லா விதைகளும் ஒன்றாக முளைத்துவிடுவதில்லை. சில இந்த மாரியில், சில அடுத்த ஆண்டில், இன்னும் சில அதற்கும் அடுத்த ஆண்டில் முளைக்கும். இந்தக் கொடியை ஒரே ஆண்டில் ஒழித்துவிட்டதாக யாரும் சொன்னால் நான் நம்புவதில்லை.

முளைப்பது ஒரு நூல் மட்டுமே. வித்திலை கிடையாது, அடியிலே வேர் என்ற பெயரில் இருக்கும் சிறு வீக்கம் விரைவில் கருகிவிடும். விதையில் உள்ள சேமிப்புத் தீரும் வரைக்கும், ஏறக்குறைய ஒரு கிழமை முதல் இரண்டு கிழமை வரையான காலத்துக்குள், நூலின் நுனி காற்றில் வட்டமிட்டபடி பற்றுவதற்கு ஒரு தண்டைத் தேடும். கிடைக்காவிட்டால் பட்டினியால் சாகும். இந்தத் தேடல் கண்மூடித்தனமானது என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த நாற்று அருகிலுள்ள தக்காளிச் செடியின் மணத்தை உணர்ந்து அதன் பக்கமாக வளர்வதையும், தக்காளியும் கோதுமையும் இருந்தால் தக்காளியையே நாடுவதையும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். மூக்கில்லாத செடி மோப்பம் பிடிக்கிறது என்பது வியப்புக்குரியதுதான். ஆயினும் தோட்டக்காரருக்கு வேண்டியது, அது எதனை விரும்பவில்லை என்ற தகவல். அதனைப் பின்னர் சொல்கிறேன்.

தண்டு கிடைத்ததும் கொடி அதனைச் சுற்றுகிறது. மேலிருந்து பார்த்தால் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலேயே சுற்றும். சுற்றிய இடத்தில், தண்டைத் தொடும் உட்பக்கத்தில் மட்டும், வரிசையாகச் சிறு முடிச்சுகள் புடைக்கும். ஒரு மிளகாய்ச் செடியின் கொப்பை ஒடித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொடியை மெல்லப் பிரித்தால், மரவட்டையின் கால்களைப் போல நெருக்கமாக நின்ற அந்த முடிச்சுகள் பட்டுப் பட்டென்று விடுபடுவது விரலுக்குத் தெரியும். மிளகாய்த் தண்டிலே ஊசியால் குத்தியதைப் போன்ற புள்ளிகள் வரிசையாக எஞ்சும். அந்தப் புள்ளிகளுக்குள் உறிஞ்சிகளின் நுனிகள் அறுந்து தங்கியிருக்கின்றன. அவை தண்டில் நீரைக் கடத்தும் காழையும் உணவைக் கடத்தும் உரியத்தையும் தொட்டு, நீரையும் சீனியையும் இழுத்துக்கொண்டிருந்தவை. அவற்றிலிருந்து கொடி மறுபடியும் துளிர்க்கும். இழுத்துப் பிய்த்தவர்களின் வேலியில் இரண்டு கிழமையில் கொடி திரும்பி வந்ததன் காரணம் அதுவே.

பற்றிக்கொண்ட பின்னர் வளர்ச்சி வேகமானது. நாளுக்குச் சில சென்ரிமீற்றர் என்ற கணக்கில் நீண்டு, அடுத்த செடியைத் தொட்டு, அங்கும் முடிச்சிடும். ஒரே கொடி பல செடிகளை இணைத்துக் கிடக்கும்போது, ஒன்றிலுள்ள வைரசு நோய் கொடியின் வழியாகவே மற்றதற்குப் போய்ச் சேரவும் கூடும். மிளகாய்ப் பாத்தியில் இலைச்சுருளோடு அல்லற்படுகிறவர்கள் இதனையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

வெட்டுவதற்கு ஏற்ற நேரம்

பூப்பதற்கு முன்னர் வெட்டுவதே நல்லது. ஒரு கொடி ஆயிரக்கணக்கில் விதை தரவல்லது என்பதால், காய் முற்றவிட்டுப் பின்னர் செய்யும் வேலையெல்லாம் அடுத்த பத்து ஆண்டுக்கான கடனாகிவிடும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை வேலியையும் பாத்தியையும் சுற்றிப் பார்க்க வேண்டும். களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம் போன்ற மணற்பாங்கான ஊர்களில் கோடையிலும் தண்ணீர் இறைத்து மரக்கறி செய்கிறவர்களுக்கு மழை வரும்வரை காத்திருக்கும் சலுகை கிடையாது. இறைத்த தண்ணீரிலேயே விதை முளைத்துவிடும். மாலை நான்கு, ஐந்து மணியளவில், வெயில் சாய்ந்து விழும்போது பார்ப்பது என் வழக்கம். உச்சி வெயிலில் கண்ணுக்குத் தப்பும் ஒற்றை நூல்கூட அந்த வெளிச்சத்தில் பச்சை இலைகளுக்கு நடுவே பொன்னிறமாக மின்னும்.

மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் வெட்டவேண்டாம். அறுந்து ஈரத்தில் விழும் துண்டு உடனே வாடாது. அருகில் ஒரு இளந்தண்டு இருந்தால் அதனையே பற்றிக்கொள்ளும்.

அகற்றும் வேலை

ஒரு படங்கு, கூரான கத்தரிக்கோல், சிறு கத்தி, இரண்டு உரப்பைகள், இவ்வளவும் போதும். முதலில் கொடி ஏறிய செடியின் அடியில் படங்கை விரித்துவிட வேண்டும். இதனை ஒரு சடங்காக எண்ணித் தவிர்ப்பவர்கள் உண்டு. ஆனால் மண்ணில் உதிர்ந்த துண்டுகளையும் காய்களையும் பின்னர் பொறுக்கி எடுப்பதைவிட, படங்கின் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்குவது எத்தனையோ எளிது. காய் பிடித்த கொடியானால் வெட்டுவதற்கு முன்னர் அந்தப் பகுதியை உரப்பைக்குள் நுழைத்து, வாயைக் கட்டி, அதன் பின்னரே கொப்பைத் தறிக்க வேண்டும். உதறக்கூடாது.

மிளகாய், கத்தரி, பயற்றை போன்ற ஒரு போகப் பயிர்களில் இரண்டு மூன்று கொப்புகளில் மட்டும் கொடி இருந்தால், அந்தக் கொப்புகளை வெட்டிப் பார்க்கலாம். செடியின் பாதிக்கு மேல் போர்த்துவிட்டிருந்தால் தயங்காமல் செடியையே பிடுங்கி எடுத்துவிடுங்கள். காய்க்கத் தொடங்கிய கொச்சிக்காய்ச் செடியைப் பிடுங்குவது வயிற்றெரிச்சலான வேலைதான். நானும் முதல் ஆண்டில் மூன்று செடிகளைக் காப்பாற்ற நினைத்து, கிழமைக்குக் கிழமை கொடியை உரித்துக்கொண்டிருந்தேன்; மாசி முடிவதற்குள் பாத்தியின் இருபத்தேழு செடிகளும் போயின. கொடி ஏறிய செடி எப்படியும் நல்ல காய் தருவதில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

செவ்வரத்தை, குரோட்டன், போகன்விலா, தேசி போன்ற பல்லாண்டுச் செடிகளில், கொடி கடைசியாகப் பற்றியிருக்கும் முடிச்சைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே ஒரு சாண் விட்டுக் கொப்பை வெட்டவேண்டும். கொடியின் நீளத்தைப் பார்த்து வெட்டாமல் முடிச்சு இருக்கும் இடத்தைப் பார்த்து வெட்டுங்கள். கொடி இலைகளுக்கு மேலே பரவிக் கிடந்தாலும் பற்றியிருக்கும் இடங்கள் உள்ளே, கொப்புகளின் அடிப்பகுதியில் இருக்கக்கூடும். செவ்வரத்தையையும் குரோட்டனையும் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் மறுகா தளிர்க்கும். தேசி மரத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்து வெட்டவேண்டும். ஒரே தடவையில் மரத்தை மொட்டையாக்காமல், நுனிக் கொப்புகளை முதலிலும் எஞ்சியவற்றை அடுத்த கிழமைகளிலும் தறிப்பது நல்லது.

வெட்டமுடியாத இடம் ஒன்று உண்டு: நடுத்தண்டு. அங்கே கொடியைக் கடிகார முள் செல்லும் திசையில் சுற்றிப் பிரித்தெடுங்கள். எதிர்ப்பக்கம் இழுத்தால் இன்னும் இறுகி அறும். பிரித்த பின்னர் அந்தப் புள்ளி வரிசையைக் கத்தியின் முதுகால் மெல்லச் சுரண்டிவிட வேண்டும். பட்டையின் மேற்றோல் மட்டும் போகவேண்டும், உள்ளிருக்கும் வெண்மை தெரியும் அளவுக்கு ஆழமாகச் சுரண்டினால் செடிக்கே காயமாகிவிடும். சுரண்டிய இடத்தைச் சுற்றி ஒரு துண்டுச் சீலையைக் கட்டி அடையாளமிட்டால், அடுத்த தடவை எங்கே பார்ப்பது என்ற தேடல் மிச்சம்.

வேலை முடிந்ததும் கத்தரிக்கோலையும் உடுப்பையும் பார்க்கவேண்டும். சட்டைப் பொத்தானில் சிக்கி வீட்டுக்கு வந்த ஒரு துண்டு, முற்றத்துத் துளசியில் ஏறிய அனுபவம் எங்கள் வீட்டில் நடந்தது.

பின்னர் ஏழு நாளுக்கு ஒரு தடவையாக, குறைந்தது ஆறு கிழமைகளுக்குத் திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டும். முதல் இரண்டு கிழமைகளில் புதிய நூல்கள் தென்பட்டால் மனம் தளரவேண்டாம். அவை பெரும்பாலும் தங்கிப்போன உறிஞ்சிகளிலிருந்து வருபவை, விரல் நீளம் இருக்கும்போதே கிள்ளிவிடலாம். ஆறாவது கிழமையிலும் ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தால், அந்தக் கொப்பை இன்னும் கீழே வெட்டவேண்டியிருக்கிறது என்பது அதன் பொருள். கொத்தானுக்கு இந்தக் காலம் நீளும். அது பல்லாண்டுக் கொடியாகையால், மாதம் ஒரு தடவையாவது ஓராண்டுக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டியதை அழித்தல்

குப்பை மேட்டில் போடக்கூடாது, வாய்க்காலிலோ வாவியிலோ எறியக்கூடாது, ஆட்டுக்கு மாட்டுக்குத் தின்னக் கொடுக்கவும் கூடாது. இதன் விதை கால்நடையின் வயிற்றைக் கடந்தும் முளைக்கும் ஆற்றல் இழப்பதில்லை. காய்ந்த காலமானால், உரப்பையோடு வெயிலில் நாலைந்து நாள் உலரவிட்டு எரித்துவிடலாம். மாரியில் எரிப்பது நடக்காத காரியம். அப்போது கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, வெயில் படும் கொங்கிறீற்றுத் தரையில் இரண்டு மூன்று கிழமை விட்டால் கொடி அழுகிவிடும். காய் இல்லாத கொடியை இவ்வாறு அழுகவிட்டு ஆழக் குழியில் புதைக்கலாம். காய் இருந்ததைப் பையோடு வைத்திருந்து, மழை விட்டதும் எரிப்பதே பாதுகாப்பு.

மருந்து அடிப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கிளைபோசேற்று போன்ற களைநாசினியைக் கொடியின் மேல் தெளித்தால், அது படர்ந்திருக்கும் செடியும் சேர்ந்து சாகும். 2015இல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்ட அந்த மருந்தை, ஒரு வீட்டு வேலிக்காகத் தேடி அலைவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏக்கர் கணக்கில் வெங்காயமோ மிளகாயோ செய்து, நிலம் முழுவதும் விதை பரவிவிட்டவர்கள், தங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரையோ விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்தையோ கேட்டு, முளைக்குமுன் இடும் களைநாசினிகளைப் பற்றி அறிந்து செய்வது வேறு விடயம். உப்புத் தண்ணீர், மண்ணெண்ணெய் என்று ஊரிலே சொல்லும் வைத்தியங்களை விட்டுவிடுங்கள். நம் கரையோர மணலில் உப்பை ஊற்றினால் அது எங்கும் போகாது. அடுத்த போகத்துப் பயிரிலும் பக்கத்துக் கிணற்றிலும் அதுவே மிஞ்சும்.

மண்ணில் உறங்கும் விதை

கொடி பூத்துக் காய்த்த பாத்தியில் அடுத்த ஆண்டு என்ன செய்வது என்பதே பெரிய கேள்வி. இங்கேதான் கொடியின் விருப்பு வெறுப்பு நமக்கு உதவுகிறது. புல்லினப் பயிர்கள் அம்மையார் கூந்தலுக்குப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. சுற்றிக்கொண்டாலும் அதன் உறிஞ்சிகள் உள்ளே இறங்கி வாழ்வது அரிது. சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்தில் நெல் வேளாண்மை மட்டும் செய்கிறவர்களுக்கு இந்தக் கொடியைத் தெரியாமலிருப்பதில் வியப்பில்லை. அதனால், பாதிக்கப்பட்ட பாத்தியில் இரண்டு மூன்று போகங்களுக்குச் சோளனோ குரக்கனோ செய்தால், இடையில் முளைக்கும் விதைகள் பற்றுக்கோடின்றி மடிந்துபோகும். அந்தப் போகங்களில் சோளனுக்கு நடுவே அகன்ற இலைக் களைகளை வளரவிடக்கூடாது. களையில் ஏறி வாழ்ந்து விதை தந்துவிட்டால் செய்த வேலை வீணாகும்.

அதற்கு வசதியில்லாத சிறு வீட்டுத்தோட்டத்தில் ஓர் ஏமாற்று வழி உண்டு. நிலத்தைப் பண்படுத்தி, எதையும் நடாமல், நட்டதைப் போலவே தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். மேல்மண்ணில் உள்ள விதைகளில் ஒரு பங்கு முளைத்து, மஞ்சள் மயிர்களாக நிலத்தில் நிற்கும். அருகில் ஒரு களைகூட இல்லாதபடி பார்த்துக்கொண்டு, இரண்டு கிழமை பொறுத்து, மண்ணை மேலோட்டமாகக் கொத்திவிட்டால் அவை அத்தனையும் போய்விடும். இதனை இரண்டு தடவை செய்தபின் நடலாம். கொத்தும்போது ஆழமாகக் கொத்தவேண்டாம். ஆழத்தில் கிடக்கும் விதை மேலே வரமுடியாமல் அங்கேயே கிடப்பதுதான் நமக்கு வசதி. மாறாக, முதல் தடவையிலேயே மண்வெட்டியின் முழு அலகையும் இறக்கி மேல்மண்ணைக் கீழே புரட்டிவிட்டு, அதன்பின் பல ஆண்டுகளுக்கு அந்த ஆழத்தைத் தொடாமல் விடுவதும் ஒரு முறை. இரண்டையும் கலந்து, ஆண்டுதோறும் ஆழமாகப் புரட்டிக்கொண்டிருப்பதுதான் தவறு.

விதை உங்கள் வளவுக்கு வந்த வழியையும் அடைக்கவேண்டும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை மாட்டுப்பட்டிகளிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் வரும் எரு நல்ல எருதான், நானும் வாங்குகிறேன். ஆனால் மாடு மேய்ந்த இடத்தில் கொடி இருந்திருந்தால் எருவிலும் விதை இருக்கும். வந்த எருவை அப்படியே பாத்தியில் பரப்பாமல், குவித்து, நனைத்து, மூடி, உள்ளே கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறும்படி மக்கவிட்டு, இரண்டு மூன்று தடவை புரட்டிய பின்னர் இடுங்கள். வாங்கும் பூஞ்செடிகளையும் நம்பவேண்டாம். எங்கள் வேலிக்கு இந்தக் கொடி வந்தது, ஒரு நாற்றுமேடையில் நான் விரும்பி வாங்கிய அடுக்குச் செவ்வரத்தையோடுதான் என்று இப்போது எண்ணுகிறேன். செடியைத் தூக்கிப் பார்த்தபோது சாடியின் விளிம்பில் மஞ்சள் நூல் ஒன்று கிடந்தது. சாக்கு இழை என்று நினைத்துவிட்டேன். இப்போதெல்லாம் எந்தச் செடியையும் வேலியிலிருந்து பத்தடி தள்ளி, மூன்று கிழமை தனியே வைத்துப் பார்த்த பின்னரே நடுகிறேன்.

கடற்கரையிலும் மருந்துப் பையிலும்

கடற்கரை மணலில் அடம்பன் மீது படர்ந்து கிடக்கும் கொத்தானைக் கண்டு கத்தியோடு புறப்பட வேண்டியதில்லை. அது அந்த இடத்துச் செடி. அடம்பனோடும் இராவணன் மீசையோடும் நெடுங்காலமாக அங்கே வாழ்வது. கடற்கரையில் புதிதாக நட்ட தாழை, பூவரசு, சவுக்குக் கன்றுகளை அது மூடிவிடுமானால், கன்றைச் சுற்றி ஒரு பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம்) அளவுக்கு மட்டும் வெட்டி விலக்கினால் போதும். மணலைக் கிளறிப் பற்றையை வெறுமையாக்கினால், வாடைக்காற்றுக் காலத்தில் அந்த மணல் வீதிக்கு வந்துவிடும்.

இரண்டு கொடிகளுக்கும் நாட்டு வைத்தியத்தில் இடமுண்டு. தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் கசாயத்துக்கும் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கொடி, தான் ஏறிய செடியின் சாற்றைக் குடித்து வளர்வது. அச்செடியில் நஞ்சு இருந்தால் கொடிக்குள்ளும் அது வரக்கூடும். அலரியிலும் ஊமத்தையிலும் எருக்கிலும் ஏறியதைத் தண்ணீரில் அவித்துக் குடிப்பது, அந்தச் செடிகளையே அவித்துக் குடிப்பதற்குச் சமமாகலாம். வெட்டிக் கட்டிவைத்த கொடியை யாராவது கேட்டு வந்தால், அது எந்தச் செடியிலிருந்து எடுத்தது என்று தெரியாதபோது கொடுக்காதீர்கள்.

வேலி இருவருக்கும் பொது என்பதையும் மறந்துவிடக்கூடாது. என் பக்கத்தை மட்டும் நான் வெட்டிக்கொண்டிருந்த ஆண்டில், பெரியம்மாவின் பக்கத்திலிருந்து கொடி மறுபடியும் தாவி வந்தது. அவர் பக்கத்துக்கு அதனை அனுப்பியதே நான்தான் என்பது வேறு கதை. அடுத்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் சேர்ந்து, வேலியின் இருபுறமும் படங்கை விரித்து, இருபதடி நீளத்துக்குக் குரோட்டன் முழுவதையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினோம். இரண்டு உரப்பை நிறைந்தது. தையில் தளிர் வந்தபோது நான்கு இடங்களில் நூல் தெரிந்தது, கிள்ளினோம். மாசியில் ஒன்று. பங்குனியில் நான் காணவில்லை. பெரியம்மா ஒன்றைக் கண்டுபிடித்து, கிள்ளிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனார்.